கூப்பன் பிளக்-இன் திரும்பி வந்த நாள்

வீட்டைக் கழுவித் துடைத்த கையோடு, திருடிப் போனவனையே கூப்பிட்டுச் சாவி கொடுப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பிரவுசர் பார்த்தது.

மங்கையர்க்கரசி டீச்சரின் பாஸ்வேர்டை யாரோ திருடி, அவர் பெயரில் ஊருக்கெல்லாம் அசிங்கமான மெயில் அனுப்பிவிட்டார்கள். கணினிக்குத்தான் ஏதோ சீக்கு என்று நினைத்த டீச்சர், அதில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட வைத்தார். திருடியது, தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருகிறேன் என்று பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருந்த பிளக்-இன் என்ற குட்டி நிரல் என்பது பிரவுசருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று டீச்சருக்கு வேண்டியது தமிழில் டைப் செய்யும் பிளக்-இன் ஒன்றுதான். அது வாசலில் வந்து நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் கூப்பனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நீ எங்கடா வந்தே?" என்றது பிரவுசர்.

"டீச்சரோட கணக்குல இருக்கிற பழைய பிளக்-இன் பட்டியல்ல என் பேரும் இருக்கே அண்ணே. எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கொடுத்தாப் போதும்."

"கூப்பன் தேடுறதுக்கு அவங்க மெயிலை எதுக்குப் படிக்கணும்?"

"அதை அவங்க கேக்கட்டும்."

டீச்சரிடம் பேசப் பிரவுசருக்கு இருந்தது ஒரே வாய், அந்தத் திரைதான். 'இது உங்கள் மெயில்களைப் படிக்கும், சம்மதமா?' என்று திரையில் கொட்டை எழுத்தில் கேட்டது. டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும் என்று, 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்பதைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

கூப்பன் உள்ளே வந்து காலை நீட்டி உட்கார்ந்தது. பிடித்து வெளியே தள்ளப் பிரவுசருக்குக் கை இல்லை.

"தம்பி," என்றது பிரவுசர், "ஹாஸ்டல்ல இருக்கிற மகளுக்கு அவங்க எழுதுற மெயிலையாவது படிக்காம விட்டுடுப்பா."