வாப்பா வைத்த பரீட்சை

லான்மடாவ் தெரு மளிகைக் கடையில் கல்லாவில் மீரா முகைதீன், அரிசி மூட்டை மேல் அவர் மனைவி பரீதா, எதிரே முக்காலியில் மகள் ஷப்னம். பாரிசில் படிக்க அவள் எழுதிய விண்ணப்பம் வாப்பாவின் கையில் இருந்தது. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் அனுப்புவாராம்.

“தண்ணிக்கு ஜெர்மன்ல?”

“வாசர்.”

“ஸ்பானிஷ்ல?”

“ஆகுவா.”

“பிரெஞ்சுல?”

“ஓ.”

“ஓவா? ஒப்பாரியா வைக்கிறே? தப்பு!”

ஷப்னம் முக்காலியை விட்டு எழுந்தாள். “இல்ல வாப்பா, ஓதான்.”

“தப்புங்கிறேன்!”

“நீங்க அனுப்பாட்டியும் அது ஓதான்.”

பரீதா பதறினாள். “வாப்பாவை எதுத்துப் பேசாதே!”

மீரா முகைதீன் சிரித்தார். “பேசட்டும். அந்தப் பாஷை ஒண்ணும் எனக்குத் தெரியாது, மிரண்டு மாத்திச் சொல்றாளான்னுதான் பாத்தேன். அதட்டினதும் விலையைக் குறைக்கிறவ அந்நிய ஊர்ல பொழைக்க மாட்டா. இவ எம் மவ, பொழைச்சுக்குவா!”

விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்க்கத் தானே கிளம்பினார்.