மூன்றாவது எஞ்சின்

எங்கள் பழைய சரக்கு விமானத்தில் மூன்றாவது எஞ்சின் சோம்பேறி. வேகம் கூட்டும் விசையைத் தள்ளினால் மற்ற மூன்றும் சீறும், அது யோசிக்கும். அதனால் விமானி நான்கு விசைகளையும் தள்ளும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் கையை நீட்டி அதை மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாகத் தள்ள வேண்டும். கையேட்டில் இது கிடையாது.

பொறியாளர் யோப்பி பதினொரு வருடம் அப்படித் தள்ளினார். மக்காசாரில் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிய அன்று விசைகளைத் தள்ளத் தாமதித்தவர் விமானி, கேப்டன் ஹார்யோனோ. விசாரணையில், "யோப்பிதான் தள்ள மறந்துட்டான்" என்றார். வேலை போன நான்காம் மாதம் யோப்பி இறந்தார். கேப்டன் இரங்கல் எழுதிய பெரிய மலர்ப்பலகை அனுப்பினார். அதில் யோப்பியின் பெயரைவிட அவர் பெயர் பெரிது.

அந்த நாற்காலியில் இப்போது நான். இன்று ஜகார்த்தாவில் பூப்போல இறங்கினோம்.

"பாத்தியா தம்பி, இதுதான் அனுபவம்!"

"கேப்டன், மூணாவதை நான் தொடவே இல்ல. தானா முன்னால போச்சு."

"அதுக்கும் என்மேல மரியாதைதான்."

விமானத்தை நிறுத்தியதும் கேப்டன் எரிபொருளை அடைத்தார். மூன்று எஞ்சின்கள் அடங்கின. மூன்றாவது ஓடியது. அதன் விசை, இரண்டு கையால் இழுத்தும் வரவில்லை.

கேப்டன் குனிந்து அதனிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன கேப்டன்?"

"ஒண்ணுமில்ல. நீ வெளிய பாரு."

எஞ்சின் வேகமெடுத்தது.

அவர் தொண்டையைச் செருமினார். இம்முறை எனக்கும் கேட்டது. "தப்பு உன்மேல இல்ல, யோப்பி."

இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. நிற்கவில்லை. மீதியையும் சொல்வார் என்று நானும் காத்திருந்தேன்.