பாஸாகாத கார்

கிளின்ரன் கையைத் துடைத்துக்கொண்டே தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தான். அவன் வந்த தோரணையைக் கண்டதுமே ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு மச்சான். இனி ஒன்னும் செய்ய ஏலாது."

"கொஞ்சமும் நம்பிக்கை இல்லியா?"

"உள்ளுக்குள்ள எல்லாம் போயிருச்சு. மனசத் தேத்திக்குங்க."

கட்டுகஸ்தோட்டை கராஜ் வாசலில், பொனற் திறந்தபடி நின்றது அந்தப் பழைய வெள்ளைக் கார். தினமும் காலையில் மஹய்யாவையிலிருந்து மடுல்கெல்லத் தோட்டப் பள்ளிக்கு டீச்சர்மாரை ஏற்றிப்போய் ஸ்ரனிஸ்லாஸ் சம்பாதிப்பது அதில்தான். புகைப் பரிசோதனையில் பாஸானால்தான் காருக்கு இந்த வருஷ லைசன்ஸ். பழைய லைசன்ஸ் நாளையோடு முடிகிறது.

கிளின்ரன் வேறு யாருமில்லை, மனைவி பெற்றீசியாவின் தம்பி. "டெஸ்டுக்கு முந்தி நான் ஒருக்கா பாத்துடுறேன்" என்று அவனாகவே வந்து காரைக் கொண்டுபோனான். மச்சினன் தானாக வந்து உதவுவது குடும்பத்தில் அதுதான் முதல் தடவை என்பதால், ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கர்த்தரின் செயலாகவே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து மூன்று வாரமாய்க் கார் கராஜில், டீச்சர்மார் பஸ்ஸில்.

"எதுக்கும் ஒருக்கா டெஸ்டுக்குப் போட்டுத்தான் பாப்பமே."

"வேணாம் மச்சான். பெயிலானா கம்பியூட்டர்ல ஏறிரும். பிறகு ஒருத்தனும் வாங்க மாட்டான். பேசாம எனக்கே தந்துடுங்க, ஸ்பெயாருக்குக் கழட்டிக்கிறேன். அக்கா மொகத்துக்காகத்தான் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரப் பொன்னையா, புதுப் புகைச் சேட்டிபிக்கட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தன்னுடைய காரை ஸ்டார்ட் பண்ணினார். அதுவும் அதே மாதிரி வெள்ளைக் கார்தான். கராஜ் கறுப்புப் புகையில் மறைந்தது. எல்லோரும் இருமி முடித்தபோது பொன்னையா பாலத்தைத் தாண்டியிருந்தார்.

"அது பாஸா?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அது ஸ்டார்ட்டிங் புகை மச்சான், டெஸ்ட்ல காட்டாது. ஒங்க கார்ல வாறது கண்ணுக்குத் தெரியாத புகை. அதுதான் ஆபத்து."

ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டினார். வீட்டில் யாருக்கும் வராத நோய் தன் காருக்கு வந்துவிட்டதே என்று இருந்தது.

"சரி தம்பி. ஒங்கக்காவ ஏத்திக்கிட்டுக் கடைசியா ஒரு ரவுண்ட் போயிட்டு, பின்னேரம் கொண்டாந்து தர்றேன்."

கிளின்ரன் மனமில்லாமல்தான் சாவியைக் கொடுத்தான். "நேரா வீட்டுக்கே போங்க. வேற எங்கயும் போயி அசிங்கப்படாதீங்க."

நேரே வீட்டுக்குத்தான் புறப்பட்டார். ஆனால் கண்டி வீதியில் பரிசோதனை நிலையத்தின் போர்டைக் கண்டதும் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

டெஸ்ட் எடுக்கும் இளைஞன் சைலன்சருக்குள் குழாயைச் செருகினான். ஊசி போட்டுக்கொள்பவர் மாதிரி ஸ்ரனிஸ்லாஸ் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாஸ்."

ஸ்ரனிஸ்லாஸ் இன்னொரு தரம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அத்தனை நாளும் ராவு பகலாக எஞ்சினோடு மாரடித்த கிளின்ரனுக்குத் தன் கைத்திறமை தெரியவில்லையே. உடனே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்தவர், இளைஞன் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் என் மச்சினன் கைராசி தம்பி. கட்டுகஸ்தோட்டை கராஜ் கிளின்ரன். பாவம், அவனே கைவிட்டுட்டான்."

இளைஞன் பொனற்றைச் செல்லமாகத் தட்டினான். "இந்தக் கார் எப்ப வந்தாலும் பாஸ்தானே அங்கிள்" என்றபடி கம்பியூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"கிளின்ரன் அண்ணன் ஒன்னும் சொல்லி அனுப்பலியே. இன்னைக்கு எந்தக் கார் நம்பருக்கு சேட்டிபிக்கட் அடிக்க?"