டிரைவர் மாறிய தேதி

பத்து முப்பத்தெட்டுக்கு அவள் கூப்பிட்டாள்.

பிரிந்து ஒன்றரை வருஷத்தில் அவளாக என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. அயர்ன் செய்த சட்டையைத் தோளில் மாட்டி, பட்டன் போடாமல் நின்றிருந்தேன்.

"பதினோரு மணிக்கு வாய்தா. லேப்டாப்புல மைக்கைத் திறந்தா வீடியோ கால் மூடிக்குது. உங்களை விட்டா இதெல்லாம் தெரிஞ்சவங்க எனக்கு யாரும் இல்ல."

கூட வாழ்ந்த காலத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருந்தால் நாங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கவே மாட்டோம்.

பதினோரு மணி வாய்தா எனக்கும்தான். அவள் மனுதாரர், நான் எதிர்மனுதாரர். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி வேண்டும் என்பது அவள் மனு. அனுமதி கிடைத்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு.

காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. வாரத்தில் மகள் எனக்குக் கிடைப்பது அந்த எட்டு மணி நேரம்தான்.

முந்தைய இரண்டு வாய்தாவும் ஒரே மாதிரி முடிந்தன. நீதிபதியம்மா பேசச் சொல்வார். அவள் மைக்கைத் திறப்பாள். முகம் அப்படியே உறைந்து, திரையில் அவளுடைய கட்டம் காணாமல் போகும். மூன்றாவது முறையும் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று போன தடவையே சொல்லிவிட்டார்.

இணையக் கம்பெனிக்காரனோடு சண்டை போட்டாளாம். ஹெட்போனை மாற்றினாளாம். போனில் வரலாமென்றால், மகள் கீழே போட்டதில் அதன் கேமரா உடைந்து கிடக்கிறதாம்.

எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பன்னிரண்டு வருஷமாக ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களோடுதான் மாரடிக்கிறேன். மைக் திறந்ததும் கால் செத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு ஆடியோ டிரைவர்தான் காரணம். அது ஒரு தரகர் மாதிரி. மைக் சொல்வதைக் கம்ப்யூட்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆள் சரியில்லை என்றால் காரியமே கெட்டுவிடும்.

பழைய டிரைவருக்குத் திரும்பப் போனால் ஐந்து நிமிஷ வேலை. 'அப்டேட் கொடு' என்று சொன்னால் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் வாய்தா முடிந்துவிடும். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

அப்டேட் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று வரவில்லை. நேரத்தைக் கடத்த, டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிரைவர் பெயரைப் படிக்கச் சொன்னேன்.

படித்தாள். கணக்கு டீச்சர். எதையும் பாதியில் விடுகிற ஜாதி இல்லை. நான் கேட்காத பக்கத்தையும் திறந்து படித்தாள்.

"இந்த டிரைவரைப் போட்டது பதினாலாம் தேதி, சாயங்காலம் நாலு பத்துன்னு காட்டுது."

காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை," என்றாள்.

நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அடுத்து என்ன பண்ணணும்? சொல்லுங்க."

பழைய டிரைவருக்குத் திரும்புகிற ரோல் பேக் பட்டன் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பத்து ஐம்பத்தாறுக்கு மைக்கைத் திறந்து ஹலோ என்றாள். கால் மூடிக்கொள்ளவில்லை. நன்றி என்று சொல்லாமல் போனை வைத்தாள்.

சட்டைப் பட்டன்களைப் போட்டேன். இரண்டு தடவை மாற்றி மாட்டிவிட்டேன்.

பதினோரு மணிக்குத் திரையில் மூன்று கட்டங்கள். மேலே நீதிபதியம்மா. கீழே அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில், கல்யாண போட்டோவில் நின்ற மாதிரி.

போன இரண்டு வாய்தாவில் என்ன நடந்தது என்று நீதிபதியம்மா கேட்டார். அவள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"ஆடியோ டிரைவர் தகராறுங்க மேடம். தெரிஞ்ச கம்ப்யூட்டர்காரர் ஒருத்தர் சரிபண்ணிக் கொடுத்தார்."

குரல் துல்லியமாக வந்தது. ஒரு கரகரப்பு இல்லை. ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு மிஞ்சிய பட்டம், தெரிஞ்ச கம்ப்யூட்டர்காரர்.

மகளைக் கூட்டிப்போக எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். பதினான்கு ஆட்சேபணைகள் எழுதிய தாள் என் மடியில் இருந்தது. வக்கீலோடு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது.

இல்லை என்றேன்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இப்படிப் பெருந்தன்மையான தகப்பனைப் பார்ப்பது அபூர்வம் என்றார். அதை உத்தரவிலும் சேர்க்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மைக்கை மட்டும் அணைத்தாள்.

மடியிலிருந்த தாளை நாலாக மடித்தேன்.

அந்த லேப்டாப் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப்பாடம் செய்வதற்காக மகளின் பையில் என் வீட்டுக்கு வரும். முதல் வாய்தாவுக்கு முந்தின அந்தப் பதினாலாம் தேதியும் வந்தது. நாலு மணிக்கு அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மகள் பின்னாலிருந்து வந்து என் தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"என்னப்பா பண்ற?"

"அம்மாவுக்குச் சரிபண்ணிக் குடுக்கறேன்டா குட்டி," என்றேன்.