எதிர்வீட்டுக்குப் போன அதிர்ஷ்டம்

இந்தக் காலத்தில் நல்லது செய்கிறவர்கள்கூட ஆள் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்று பொருமினார் பஞ்சர் கடைக்காரர். வெளியூரில் இலவசமாகப் படிக்க வைப்பதாகச் சொல்லி வந்த அம்மாள், அவர் பேத்தியைக் கழித்துவிட்டு எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

“அந்தம்மா கேட்டதுக்கு நீ என்னடி உளறினே?” என்று பேத்தியை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

“வீட்டு போன் நம்பர் மனப்பாடமாத் தெரியுமான்னு கேட்டாங்க தாத்தா. கடகடன்னு சொன்னேன்.”

“அவ?”

“தெரியாம முழிச்சா.”

“முழிச்சவளுக்குப் படிப்பு, சொன்னவளுக்குப் பட்டை நாமம். நல்ல நியாயம்.”

அப்போது எதிர்வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இஸ்திரிக்காரர் மனைவியின் அழுகை கேட்டது. இவர் போய் எட்டிப் பார்த்தார்.

“அப்படி ஒரு பள்ளிக்கூடமே இல்லை பெரியவரே. பிள்ளைங்களை விக்கிற கும்பல் அது,” என்றார் போலீஸ்காரர். “வீட்டுக்கு போன் பண்ணத் தெரியாத பிள்ளையாப் பார்த்துத்தான் தூக்குறாங்க.”

பஞ்சர் கடைக்காரர் அழுகிறவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க வேற சார். பொண்ணு எங்கேயோ சொகுசாத்தான் இருக்கும். ஊர்க் கண்ணு படக் கூடாதுன்னு இவங்க போடுற நாடகம் இது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தார்.