பொங்கோஸ் வாசித்தது யார்?

"திருடனுங்க! ஒரு கலைஞரையே முழுங்கி ஏப்பம் விட்டுட்டானுங்க!"

முத்துவீரன் போட்ட சத்தத்தில் பலாங்கொடை பஸாரில் நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். திருட்டும் இல்லை, கொலையும் இல்லை. பாட்டுப் பதிந்து கொடுக்கும் நுஹ்மானின் ரெக்கோர்டிங் பாரில் ஒரு சீடி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

'எட்டாம் கட்டை பொய்ஸ்' என்று எழுபதுகளில் ஒரு பொப் கோஷ்டி. அவர்களுடைய 'ரம்புக்கனை ரயிலேறி' பாட்டின் மூல ஒலிநாடாவை எங்கிருந்தோ தோண்டியெடுத்து, இந்த 2003இல் கொழும்புக் கொம்பனி ஒன்று சீடியாகப் போட்டிருந்தது.

"என்னண்ணே கொறஞ்சு போச்சு?" என்றான் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் கன்னையா.

"ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் ஒரு பொம்பளக் குரலு ஹம்மிங் குடுக்குமே, அது எங்க? கூடவே டொப்பு டொப்புனு பொங்கோஸ் மேளம் விழுமே, அது எங்க? கவர்லயும் அவங்க பேரு இல்ல!"

"அது நீங்க ரேடியோல புடிச்ச கெசட்ல மட்டுந்தானே ஈக்கி" என்றார் நுஹ்மான்.

"ஆமா நானா. ஒலகத்துலயே அந்த ஒரிஜினல் எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு!"

தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கரான முத்துவீரன், நுஹ்மான், கன்னையா. ரசிகர் சங்கம் இந்த மூன்று பேர்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் போக, சாதாரண உறுப்பினராக இருக்க ஆள் கிடையாது.

அந்த பொங்கோஸில் மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தி விழும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்குவதைக் காட்ட, ஒரு மேதை வேண்டுமென்றே பிந்தி அடித்தது என்பது முத்துவீரன் கட்சி. அடித்தவன் தண்ணி போட்டிருந்தான் என்பது கன்னையா கட்சி. இதற்காக ஒரு தீபாவளிக்கு இருவரும் முகம் பார்க்காமல் இருந்ததும் உண்டு. ரசிகர்கள் என்றால் நாமெல்லாம் அப்படித்தானே? பெற்ற பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியாது, எந்தப் பாட்டில் யார் கிட்டார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம்.

"ஒழச்சவங்களுக்குப் பேரு வேணாமா? அது யாருன்னு கண்டுபுடிச்சு ஊருக்குச் சொல்லாம நான் ஓயமாட்டேன்" என்று முத்துவீரன் மேசையில் குத்தினான்.

"நீங்க பேரக் கொண்டாங்க. ஒங்கட கெசட்டக் கொப்பி பண்ணி, கவர்ல அந்தப் பேரப் போட்டு, கடைக்கு முன்னால தொங்க விடுறது என்ட பொறுப்பு" என்றார் நுஹ்மான்.

வீட்டுக்கு வந்தும் சூடு தணியவில்லை. சீடியை ஒரு தடவை, பழைய கெசட்டை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி புஷ்பம் களுக்கென்று சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"அது நாந்தாங்க."

"எது?"

"அந்தக் குரலு. கல்யாணம் கட்டி வந்த புதுசுல ரேடியோ முன்னுக்கு டேப்ப வச்சுப் புடிச்சீங்கள்ல? நான் பின்னுக்கு ரொட்டி தட்டிக்கிட்டே பாடினேன்."

"அப்ப... பொங்கோஸ்?"

புஷ்பம் மாவுருண்டையைப் பலகையில் போட்டுத் தட்டினாள். டொப், டொப். மாவைத் திருப்பிப் போட்டுவிட்டு மூன்றாவது தட்டு. அது கொஞ்சம் பிந்தி விழுந்தது. கூடவே அந்த ஹம்மிங்கும் வந்தது.

முத்துவீரனுக்குப் புல்லரித்துவிட்டது. அதே குரல்! சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

"இத்தன வருஷமா ஏன் புள்ள சொல்லல?"

"பாட்டு ஓடுறப்ப நான் வாயத் தொறந்தா 'உஸ்'னு அடக்குவீங்க. எப்புடிச் சொல்றது?" என்றவள், மாவுக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப கவர்ல எம் பேரு வருமாங்க?"

"வராம? கொட்ட எழுத்துல போடச் சொல்றேன்!"

ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் கல்யாண வீடுகளுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, தானும் வருவதாகப் புறப்பட்டாள். பஸ்ஸில் அவள் வாய்க்குள்ளேயே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள்.

முத்துவீரனுக்கோ பஸ் மலை இறங்க இறங்க உற்சாகமும் இறங்கியது. மேதை மேதை என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டது வீட்டில் தட்டிய தேங்காய் ரொட்டியையா? கன்னையா விழுந்து விழுந்து சிரிப்பான். லொறி போகிற இடமெல்லாம் கதையும் போகும். அப்புறம் பஸாரில் அவனுக்கு 'ரொட்டி முத்துவீரன்' என்பதுதான் பெயர்.

கடையில் இருவரும் காத்திருந்தார்கள். நுஹ்மான் வெற்றுக் கவரும் பேனாவுமாக நின்றார்.

"வாங்க, வாங்க! பேரு கெடச்சா?"

புஷ்பம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

முத்துவீரன் தொண்டையைக் கனைத்தான்.

"எங்கங்க? எவ்வளவோ தேடிப் பாத்துட்டேன். யாருன்னே தெரியல."

"சே! அப்ப கவர்ல என்னத்த எழுத?"

முத்துவீரன் புஷ்பத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"அரிய பதிவு, உதவி முத்துவீரன்னு மட்டும் போட்டுக்குங்க நானா."