தலைவர் வாய் திறந்தார்

அறுபதடி கட்-அவுட்டுக்கான காற்றுச்சுமையைப் பொறியாளர் மங்கையர்க்கரசி இரண்டு முறை கணக்கிட்டார். இரண்டு முறையும் தலைவர் மேடைமேல்தான் விழுந்தார்.

“மேல்பக்கம் பெரிய ஓட்டை போட்டாதான் கையெழுத்துப் போடுவேன்.”

வட்டச் செயலாளர் தங்கமாரி பதறினார். “தலைவர் மூஞ்சியிலயா? என் பதவி போயிரும், மேடம்! கீழ என் படத்துல எத்தனை வேணா போட்டுக்குங்க.”

“காத்து உங்களையெல்லாம் கண்டுக்காது, சார். மேலதான் அடிக்கும்.”

யோசித்த தங்கமாரி, தலைவர் முழங்குவதுபோல் படத்தை மாற்றி, வாயை ஆளுயரத்துக்கு வெட்டச் சொன்னார். கணக்கு சரியாக வந்தது.

மாநாட்டன்று தலைவர் பேசிக்கொண்டிருக்கையில் காற்று எழுந்தது. கட்-அவுட்டின் வாய் ‘ஊ’வென்று நீளமாக முழங்க, அதுவரை தூங்கிய கூட்டம் எழுந்து கைதட்டியது. தலைவர் மைக்கைப் பொத்திக்கொண்டு தங்கமாரி பக்கம் குனிந்தார்.

“அவருக்கு யாருய்யா எழுதிக் குடுக்குறது?”